பதினைந்து நிமிடம் யாருக்காக? – வாசகர் கேள்வி பதில்

மென்பொருள் குழுக்களில் வேலை செய்கிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆளுக்கொரு பிரச்சினை எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பெரும்பாலானவற்றின் அடியில் ஒரே சங்கடம்தான் இருக்கிறது: வேலை செய்கிறவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்ட ஒரு கூட்டமோ ஒரு கணக்கோ மெல்ல மெல்ல மேலிடத்துக்குக் காட்டும் அறிக்கையாக மாறிப்போயிருக்கிறது. அதை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரும் இங்கே இல்லை.

கேள்வி: மேடம், எங்கள் டீமில் 14 பேர். தினமும் காலையில் ஸ்டாண்டப், அதாவது நின்றபடி நடத்தும் குறுங்கூட்டம், 45 நிமிடம் ஓடுகிறது. ஒவ்வொருவராக மேனேஜரைப் பார்த்து "நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன்" என்று ஒப்பிக்கிறோம். அடுத்தவர் பேசுவதை யாரும் காதில் வாங்குவதில்லை. நிறுத்திவிடலாமா என்றால் "அஜைல்னா ஸ்டாண்டப் இருந்தே ஆகணும்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் இப்போது நடப்பது வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுப்பது மாதிரி இருக்கிறது. அஜைல் என்பது மென்பொருளைச் சிறு சிறு பகுதிகளாகச் செய்து, திருத்திக்கொண்டே போகும் நோக்கு. மேனேஜர் முறையைப் பற்றிப் பேசுவதால், முறை என்ன சொல்கிறது என்பதை அவரோடு உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ஸ்க்ரம் என்ற அஜைல் வேலைமுறையின் வழிகாட்டியில் இந்தக் கூட்டத்துக்கு 15 நிமிடம்தான். அது டெவலப்பர்கள் தங்களுக்குள் அன்றைய வேலையைத் திட்டமிடும் கூட்டம். குழு என்றால் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கும் குறைவு என்றும் சொல்கிறது. நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன என்ற மூன்று கேள்விகள் பழைய பதிப்புகளில் இருந்தன, 2020 பதிப்பில் அவற்றை எடுத்தே விட்டார்கள்.

ஒருமுறை நான் வேறொரு குழுவின் ஸ்டாண்டப்பில் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். டெஸ்டிங் பார்க்கும் பெண் திங்கட்கிழமை "பேமென்ட் டிக்கெட்டை டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்" என்றார் (டிக்கெட் என்றால் குழுவின் பட்டியலில் பதிந்துவைத்த ஒரு தனி வேலை). செவ்வாய்க்கிழமையும் அதே வாக்கியம். புதன்கிழமையும் அதே. கூட்டம் கலைந்த பிறகு தனியாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, டெஸ்ட் சர்வரில் மென்பொருளின் பழைய பில்ட் (பதிப்பு) கிடக்கிறது, புதியதைப் போட இவருக்கு அனுமதி இல்லை. அனுமதி உள்ளவர் மூன்று நாளும் அதே வட்டத்தில் இவருக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் ஆறே நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. "நீ என்ன செய்கிறாய்" என்று கேட்டார்கள், அதற்கு அவர் பதில் சொன்னார், அவ்வளவுதான். "இந்த டிக்கெட் ஏன் மூணு நாளா இங்கேயே நிக்குது" என்று கேட்டிருந்தால் திங்கட்கிழமையே முடிந்திருக்கும்.

அதனால் ஆள் ஆளாகச் சுற்றுவதை விட்டுவிட்டு, டிக்கெட்டுகளைக் கட்டம் கட்டமாக அடுக்கிவைத்த போர்டைப் பார்த்துப் பேசுங்கள். வலது ஓரத்தில், முடியும் தறுவாயில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து ஆரம்பியுங்கள். இது இன்று முடிய என்ன வேண்டும், யார் கை கொடுக்க முடியும், அவ்வளவு மட்டும். பிறகு இடது பக்கமாக நகருங்கள். 15 நிமிடம் ஆனதும் நிறுத்திவிடுங்கள், இன்னும் தொடங்காத வேலையைப் பற்றிப் பேச நேரமில்லாமல் போனால் போகட்டும். நீண்ட விவாதம் வந்தால் சம்பந்தப்பட்ட இரண்டு மூன்று பேர் கூட்டம் முடிந்து பேசிக்கொள்ளலாம். 14 பேர் என்பது அதிகம்தான், வேலை உண்மையிலேயே இரண்டாகப் பிரியுமானால் இரண்டு குழுவாகப் பிரிந்துவிடுங்கள்.

மேனேஜரையும் புரிந்துகொள்ள வேண்டும். அவருக்கு மேலே ஒருவர் கேட்கிறார், இவருக்குச் செய்தி கிடைக்கும் ஒரே இடம் இந்தக் கூட்டம்தான், அதை விட்டுக்கொடுக்க எப்படி மனம் வரும்? தினமும் மாலை நாலு வரி எழுதி அனுப்புகிறோம், எது முடிந்தது, எது மாட்டிக்கொண்டிருக்கிறது, உங்கள் உதவி எதில் வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். செய்தி வேறு வழியில் ஒழுங்காக வருகிறது என்று நம்பிக்கை வந்துவிட்டால் அவரே காலைக் கூட்டத்தை விட்டு நகர்ந்துகொள்வார்.

கேள்வி: நான் ஸ்க்ரம் மாஸ்டர், டீமில் ஸ்க்ரம் முறை ஒழுங்காக நடக்கப் பார்த்துக்கொள்பவர். எங்கள் டீம் ஒரு ஸ்பிரின்ட்டில் (சில வாரம் ஓடும் ஒரு வேலைச் சுற்றில்) 32 பாயின்ட் (வேலையின் அளவுக்கு டீமே போடும் எண்) முடிக்கிறது, பக்கத்து டீம் 58. டைரக்டர் இரண்டையும் ஒரே சார்ட்டில் போட்டு "நீங்க ஏன் பின்தங்கி இருக்கீங்க" என்கிறார். அடுத்த காலாண்டுக்குள் 45 ஆக்க வேண்டுமாம். எப்படி ஆக்குவது?

பதில்: ஒரு வரி கோட் கூட அதிகமாக எழுதாமல் அடுத்த ஸ்பிரின்ட்டிலேயே 45 ஆக்கிவிடலாம். இதுவரை 3 என்று சொன்னதை இனி 5 என்று சொன்னால் போதும். உங்கள் டீம் வேண்டுமென்றே அப்படிச் செய்யும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அளவுகோலுக்கு இலக்கு வைத்தால் கை தானாக அந்தப் பக்கம் போகும், நல்ல மனிதர்களுக்கும் போகும். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டன் பொருளியலாளர் 1975-லேயே பணக் கொள்கையைப் பற்றி எழுதும்போது இதைச் சொல்லிவிட்டார்: ஒரு புள்ளிவிவரத்தைக் கட்டுப்பாட்டுக்கான கருவியாக்கி அழுத்தம் கொடுத்தால், அதுவரை அது காட்டிய ஒழுங்கு குலைந்துவிடும்.

இந்தப் பாயின்ட் எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்கள் டைரக்டரிடம் பேச எளிதாக இருக்கும். எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் என்ற அஜைல் முறையில் வேலை செய்த குழுக்கள் முதலில் நாள் கணக்கில்தான் எஸ்டிமேட் கொடுத்தார்கள். குறுக்கீடே இல்லாமல் உட்கார்ந்து செய்தால் இத்தனை நாள் என்று ஒரு இலட்சிய நாள் கணக்கு. நிஜத்தில் ஒரு நாள் வேலைக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆனது. "ஒரு நாள் வேலைன்னு சொல்லிட்டு ஏன் மூணு நாள்" என்ற குழப்பம் வந்துகொண்டே இருந்ததால் நாள் என்ற சொல்லையே விட்டுவிட்டுப் பாயின்ட் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அந்தக் குழுக்களில் இருந்த ரான் ஜெஃப்ரீஸ் இதை எழுதியிருக்கிறார். பாயின்ட்டைக் கண்டுபிடித்தது ஒருவேளை நானாக இருக்கலாம், அப்படியானால் அதற்காக இப்போது வருந்துகிறேன் என்றும் எழுதியிருக்கிறார். குழு தனக்குள் பேசிக்கொள்ள வைத்த ஒரு சொல்லை வெளியே எடுத்துப்போய் இரண்டு குழுக்களை நிறுத்துப் பார்க்கிற எடைக்கல்லாக்கினால் வேறென்ன ஆகும். உங்கள் 32-ம் அவர்களுடைய 58-ம் வெவ்வேறு கல்லில் நிறுத்தவை. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கே அர்த்தம் கிடையாது.

இன்னொரு தகவலும் அவருக்கு உதவலாம். ஸ்பிரின்ட்டில் எடுக்கும் வேலையை ஸ்க்ரம் வழிகாட்டி முன்பு வாக்குறுதி என்று சொல்லிவந்தது. 2011-ல் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு முன்கணிப்பு என்று மாற்றினார்கள். வாக்குறுதி தவறினால் குற்றம், கணித்தது மாறினால் காரணம் தேட வேண்டும். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

"பாயின்ட் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வராதீர்கள். அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது எப்போது முடியும் என்பதுதானே. கடந்த எட்டு வாரத்தில் வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முழுதாக முடிந்தது என்று எண்ணுங்கள். உதாரணத்துக்கு 4, 6, 3, 5, 7, 2, 5, 4 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 36, சராசரி வாரத்துக்கு நாலரை. மீதி 40 டிக்கெட் இருந்தால், இதே வேகத்தில் சுமார் 9 வாரம். வாரம் மூன்று என்ற மெதுவான நடையில் போனால் 14 வாரம் வரை இழுக்கும். "9-லிருந்து 14 வாரத்துக்குள், ஒவ்வொரு இரண்டு வாரமும் இதைத் திருத்திச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். கூடவே ஒரு வேலை கையில் எடுத்ததிலிருந்து பயனாளர் கைக்குப் போக எத்தனை நாள், போன பிறகு எத்தனை உடைந்து திரும்பி வந்தது, இந்த இரண்டையும் கொடுங்கள். இந்த எண்களையும் ஒருநாள் இலக்காக்கப் பார்ப்பார்கள், அப்போதும் இதே பேச்சைப் பொறுமையாகத் திரும்பப் பேச வேண்டியிருக்கும்.

கேள்வி: அஜைல், ஸ்க்ரம், கான்பன் எல்லாம் ஒன்றா? நேர்காணலில் கேட்டார்கள், திணறிவிட்டேன்.

பதில்: அஜைல் என்பது ஒரு நோக்கு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற மலை விடுதியில் 17 பேர் கூடி எழுதிய நான்கு மதிப்புகளும், அவற்றோடு சேர்ந்த 12 கொள்கைகளும்தான் அதன் அடிப்படை. தேடிப் பார்த்தால் அதில் ஸ்பிரின்ட், ஸ்டாண்டப், ஸ்டோரி பாயின்ட் என்ற சொல் எதுவும் இருக்காது. ஸ்க்ரம் ஒரு வேலைமுறை, அதற்கும் மூத்தது, கென் ஷ்வாபரும் ஜெஃப் சதர்லேண்டும் 1995-ல் மாநாடு ஒன்றில் அதை முன்வைத்தார்கள். கான்பன் டொயோட்டா தொழிற்சாலைகளில் பிறந்து பிறகு மென்பொருளுக்கு வந்தது, அதில் ஸ்பிரின்ட் என்ற கட்டாயமில்லை, ஒரே நேரத்தில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற வரம்புதான் முக்கியம். அடுத்த முறை இவ்வளவு சொன்னால் போதும்.

கேள்வி: ஐந்து பேர் ஆறு மாதமாகச் செய்கிற புராஜெக்ட். ரிலீஸுக்கு இரண்டு மாதம் இருக்கிறது, நிச்சயம் முடியாது என்று எங்களுக்குத் தெரியும். சொன்னதும் "இன்னும் நாலு பேர் தரேன், முடிச்சிடுங்க" என்கிறார்கள். வாங்கிக்கொள்வதா?

பதில்: வாங்கிக்கொண்டால் இன்னும் தாமதமாகவே வாய்ப்பு அதிகம். ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் எழுதியது இது: ஏற்கெனவே பிந்திவிட்ட மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது மேலும் பிந்தும். காரணம் எளிது. புதிதாக வருகிறவருக்குச் சொல்லித்தர வேண்டியது யார்? இப்போது வேலையை நகர்த்திக்கொண்டிருக்கும் அதே ஐந்து பேர்தான். ஐந்து பேருக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஜோடிகள் 10. ஒன்பது பேர் ஆனால் 36. ஆள் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, பேச்சு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. ஒருவர் புதிய கோட்பேஸில் கால் ஊன்றவே சில வாரம் ஆகும், உங்களிடம் இருப்பதே எட்டு வாரம்.

ஆனால் "வேண்டாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டால் ஒத்துழைக்காதவர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். மீதி வேலையை ஒரு பட்டியலாக்கி, எது முதலில் வேண்டும் என்று முடிவெடுக்கும் ப்ராடக்ட் ஓனரோடு உட்காருங்கள். எது இல்லாமல் ரிலீஸே கிடையாது, எது ஒரு மாதம் கழித்து வந்தாலும் யாரும் சாக மாட்டார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள். நான் உட்கார்ந்து பார்த்த இடங்களிலெல்லாம் அந்தப் பட்டியலில் கணிசமான பகுதியை யாரோ எப்போதோ கேட்டு, பிறகு கேட்டவரே மறந்துபோயிருந்தார். நாலு பேரில் ஒருவர் மட்டும் வரட்டும், உங்கள் கோட்டை ஏற்கெனவே தொட்டவராக இருந்தால் நல்லது, இல்லையென்றால் டெஸ்ட் டேட்டா தயாரிப்பது, பில்ட் பராமரிப்பது மாதிரி தனியாகப் பிரித்துக் கொடுக்க முடிந்த வேலைக்கு. தேதி நழுவும் என்பதை இன்றே எழுத்தில் சொல்லிவிடுங்கள். எட்டு வாரம் முன்னால் சொன்னால் அதை வைத்து அவர்கள் ஏதாவது முடிவெடுக்கலாம், எட்டு நாள் முன்னால் சொன்னால் கோபப்படத்தான் முடியும்.

கேள்வி: எட்டு வருடமாக பேக்கெண்ட் டெவலப்பர். கோட் எழுதுவதுதான் பிடிக்கும். இப்போது ஏழு பேர் டீமுக்கு லீடாக இருக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் வளர்ச்சி நின்றுவிடுமோ, ஏற்றால் கோட் மறந்துவிடுமோ என்று தூக்கம் வரவில்லை மேடம்.

பதில்: இரண்டு பயத்திலும் உண்மை இருக்கிறது, அதனால் பூசி மெழுகாமல் பேசுகிறேன்.

நான் முதன்முதலில் லீட் ஆனபோது இருப்பதிலேயே கடினமான மாட்யூலை நானே வைத்துக்கொண்டேன். டீமுக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். பகல் முழுக்க மீட்டிங், ராத்திரி கோட். என் ரிவ்யூவுக்காக மூன்று பேருடைய கோட் காத்துக்கிடந்தது, அதில் ஒன்று ஒன்பது நாளாக. ஒரு வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பையன் ஒரு மெசேஜ் அனுப்பினான்: "அக்கா, உங்களுக்கு டைம் இல்லைன்னு தெரியும். இது வர்ற வரைக்கும் நான் வேற டிக்கெட் எடுத்துக்கட்டுமா?" அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் எனக்காகக் காத்திருக்கிறார்கள், நானோ எல்லோரையும்விட அதிகமாக உழைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுவாரம் அந்த மாட்யூலை வேறொருவரிடம் கொடுத்தேன். அவர் என்னைவிட மெதுவாகத்தான் செய்தார், ஆனால் முடித்தார். அதன் பிறகு காலையில் என் முதல் வேலை அடுத்தவர்களின் ரிவ்யூ, மிச்ச நேரத்தில்தான் என் கோட், அதுவும் யாரும் காத்திருக்காத சின்னச் சின்ன வேலைகள்: ஒரு உள்வேலைக் கருவி, நின்று நின்று ஓடும் ஒரு டெஸ்ட், பழைய லாக் குப்பை.

லீட் வேலை நீங்கள் இப்போது செய்வதன் அடுத்த படி கிடையாது, தனி வேலை. கோட் எழுதினால் சில நிமிடத்தில் ஓடியதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஒரு ஜூனியருக்கு நீங்கள் சொன்னது பலித்ததா என்று தெரிய மாதங்கள் ஆகும். "இன்னைக்கு நான் என்ன செஞ்சேன்" என்றே தெரியாமல் வீட்டுக்குப் போகும் நாட்கள் நிறைய வரும், முதல் ஆறு மாதம் அது மிகவும் வலிக்கும். உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, நடுவில் நிற்கிறவருக்கு அதுவும் உண்டு. ஆனால் பேசவே தயங்கிய ஒருவர் ஒரு வருடம் கழித்து தன் டிசைனை எல்லோர் முன்னாலும் நின்று விளக்குவதைப் பார்க்கும்போது வருகிற நிறைவு கோடில் எனக்குக் கிடைத்ததில்லை. சிலருக்கு அது பெரிதாகத் தோன்றாது, அதில் தவறே இல்லை.

ஏற்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முழு டெவலப்பர் வேலையும் இருக்கும், மேலே லீட் வேலையும் இருக்கும் என்றால் அது ஒரு சம்பளத்துக்கு இரண்டு வேலை, இரண்டும் கெடும். ஆறு மாதம் பார்த்துவிட்டு ஒத்துவராவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியுமா, அதை இறக்கமாகப் பார்ப்பார்களா? பல நிறுவனங்களில் மேனேஜர் ஆகாமலே மேலே போகிற தொழில்நுட்ப ஏணி ஒன்று இருக்கிறது, ஸ்டாஃப் என்ஜினியர், பிரின்சிபல் என்ஜினியர் என்று. உங்கள் இடத்தில் அது இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், இன்று அந்தப் படியில் யார் இருக்கிறார் என்று கேளுங்கள். ஒருவருமே இல்லையென்றால் அந்த ஏணி காகிதத்தில் மட்டும் இருக்கிறது.

ஏற்றுக்கொண்டால், ஏழு பேரோடும் தனித்தனியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் பேசுங்கள். டிக்கெட் எங்கே நிற்கிறது என்று அங்கே கேட்காதீர்கள், அதற்கு போர்டு இருக்கிறது. எது எரிச்சலாக இருக்கிறது, எதைக் கற்றுக்கொள்ள ஆசை, நான் எதை வேறு மாதிரி செய்ய வேண்டும் என்று கேளுங்கள். வேலை நெருக்கும்போது முதலில் கேன்சல் செய்யத் தோன்றுவது இந்தப் பேச்சைத்தான். அதைத் தொடாதீர்கள்.

என் முடிவைக் கேட்டால், திரும்பி வரும் வழி திறந்திருந்தால் ஆறு மாதம் செய்து பாருங்கள். அடைபட்டிருந்து, உங்களுக்கும் மனமில்லை என்றால் குற்ற உணர்ச்சியே இல்லாமல் மறுத்துவிடுங்கள்.

கேள்வி: நான் மேனேஜர். ரெட்ரோவில், அதாவது முடிந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் கூட்டத்தில், யாரும் வாயைத் திறப்பதில்லை. "எல்லாம் நல்லா போகுது" என்கிறார்கள், வெளியே போய் தேநீர் இடைவேளையில் புலம்புகிறார்கள். என்ன தவறு செய்கிறேன்?

பதில்: புலம்பல் இருக்கிறது என்று தெரிந்து, தவறு தன்னிடம் இருக்கலாம் என்றும் கேட்கிறீர்கள். அந்த மனம் இருந்தால் இதைச் சரிசெய்துவிடலாம்.

மௌனத்துக்கு இரண்டு காரணம் இருக்கும், பயம் அல்லது அலுப்பு. முதலில் அலுப்பைப் பாருங்கள். கடந்த மூன்று ரெட்ரோவின் குறிப்புகளை எடுத்து, அதில் சொன்னவற்றில் எது நடந்தது என்று டிக் போடுங்கள். எதுவும் நடக்கவில்லையென்றால் நான்காவது முறை அவர்கள் ஏன் பேச வேண்டும்? இனி ஒரு ரெட்ரோவுக்கு ஒரே ஒரு மாற்றம். அதற்கு ஒரு ஆள், போர்டில் ஒரு டிக்கெட், அடுத்த ரெட்ரோவின் முதல் ஐந்து நிமிடம் அது என்ன ஆயிற்று என்பது பற்றி மட்டும்.

பயம் என்றால் கொஞ்சம் காலம் பிடிக்கும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில் பதிவான தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அதிகமாக இருந்தது. அவர்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை, செய்ததைத் தயங்காமல் வெளியே சொன்னார்கள், அதுதான் வித்தியாசம். அவர் 1999-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு உளவியல் பாதுகாப்பு என்ற சொல் குழுக்களைப் பற்றிய பேச்சில் நிலைத்துவிட்டது. உங்கள் ரெட்ரோவில் "எல்லாம் நல்லா போகுது" என்று கேட்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தவறை நீங்களே சொல்லுங்கள், பொதுவாக இல்லாமல் குறிப்பாக: "செவ்வாய்க்கிழமை ஸ்பிரின்ட் நடுவுல அந்த அவசர வேலையை நான் உள்ளே தள்ளியிருக்கக் கூடாது." பிறகு எல்லோரும் பேசாமல் ஐந்து நிமிடம் எழுதட்டும், பெயர் இல்லாமல். சில முறை நீங்கள் உள்ளேயே போகாதீர்கள், ஒருவர் வந்து சாரத்தைச் சொன்னால் போதும். முதல் தடவை யாராவது கசப்பாக ஒன்று சொல்லும்போது உங்கள் முகத்தை அத்தனை பேரும் பார்ப்பார்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்துவிட்டால் அத்தோடு முடிந்தது. "சொன்னதுக்கு நன்றி, இன்னும் கொஞ்சம் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டு பேர் டீம், போர்டில் "நடந்துகொண்டிருக்கிறது" கட்டத்தில் 24 டிக்கெட். எல்லோரும் மூச்சுவிடாமல் வேலை செய்கிறோம், எதுவும் முடிவதில்லை.

பதில்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். இதற்குக் கணக்கே இருக்கிறது. ஜான் லிட்டில் என்பவர் 1961-ல் நிரூபித்த விதி: சராசரியாக உள்ளே இருக்கும் வேலையை, முடியும் வேகத்தால் வகுத்தால் ஒரு வேலை உள்ளே கிடக்கும் சராசரி நேரம் வரும். வாரத்துக்கு நாலு முடிகிறது என்றால் உங்கள் 24-க்கு ஆறு வாரம். வேகம் அப்படியே இருக்க, உள்ளே இருப்பதை 12 ஆக்கினால் மூன்று வாரம். யாரும் கூடுதலாக உழைக்கவில்லை, காத்திருப்பது மட்டும் பாதியாகிறது.

ஒரே நாளில் குறைக்கப் போகாதீர்கள், சண்டை வரும். இரண்டு முடிந்தால்தான் ஒன்று புதிதாகத் தொடங்கலாம் என்று ஒரு மாதம் ஓட்டுங்கள். கை ஓய்ந்தவர் புது டிக்கெட்டைத் தேடாமல், ரிவ்யூவிலும் டெஸ்டிங்கிலும் கிடப்பதை முதலில் பார்க்கட்டும்.

கேள்வி: வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கேள்வி கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். போன வாரம் ஒரு டிக்கெட்டில் நாலு நாள் மாட்டிக்கொண்டேன். ஸ்டாண்டப்பில் "போயிட்டிருக்கு" என்றே சொல்லிவந்தேன். இரவில் அழுகை வந்துவிட்டது.

பதில்: முதலில் இது: ஆறு மாதத்தில் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு, உங்களை வேலைக்கு எடுத்தவர்களுக்கும் அது தெரியும். உங்கள் சீனியர்களில் பலர் அந்த நாலு நாளை எப்போதோ கடந்தவர்கள்தான். கேட்காமல் இருந்ததற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம், "போயிட்டிருக்கு" என்று சொல்ல வைக்கிற மாதிரி ஒரு கூட்டம் நடக்கிறது என்றால் அதில் லீடுக்கும் பொறுப்பு இருக்கிறது.

இனி ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் கேட்டுவிட வேண்டும். கேட்கும்போது என்ன செய்யப் பார்த்தேன், எதையெல்லாம் முயன்றேன், என்ன வந்தது, மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். "லாகின் ஏபிஐ வேலை செய்யலை, ஹெல்ப் பண்ணுங்க" என்று அனுப்பினால் படிப்பவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "லாகின் ஏபிஐயை லோக்கலில் ஓட்டினால் 401 வருகிறது. டோக்கன் காலாவதி ஆகவில்லை, பார்த்துவிட்டேன். டெஸ்ட் சர்வரில் இதே டோக்கன் வேலை செய்கிறது. கான்ஃபிக்கில் ஏதாவது விட்டிருக்கிறேனா?" என்று அனுப்பிப் பாருங்கள். இதைப் படிக்கிறவருக்கு உங்களைப் பற்றி நல்ல எண்ணம்தான் வரும், பதிலும் பெரும்பாலும் உடனே வந்துவிடும். சில சமயம் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே விடை உங்களுக்குப் புலப்பட்டுவிடும், எனக்கு இன்றும் அப்படி நடக்கிறது.

கிடைத்த பதிலைக் குழுவின் குறிப்புப் பக்கத்தில் எழுதிவையுங்கள், அடுத்து சேருகிறவர் அதே இடத்தில் மாட்டுவார். ஸ்டாண்டப்பில் "மாட்டிக்கிட்டேன், பத்து நிமிஷம் யாராவது பக்கத்துல உட்கார முடியுமா" என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாளைக் காலையிலேயே சொல்லுங்கள், அந்தப் பழைய டிக்கெட் இன்னும் திறந்திருந்தால் அதைப் பற்றியே. அடுத்த மாதம் எனக்கு எழுதுங்கள், என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.